நாலாவது துண்டின் வேலி

சேன் லூயி, 1807 மே 3

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்பதற்காக ஐந்து மாதமாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். ஆற்றில் பனிக்கட்டி வீடு வீடாய் மிதந்தது. நான் என்ன பறந்தா வரமுடியும்? சரி, கோபத்தை மூட்டை கட்டி வை. இது வேலைக் கடிதம்.

எனக்கு நில விசாரணை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்துவிட்டது. பிரான்ஸ் இந்த நாட்டை அமெரிக்கருக்கு விற்ற வருஷம் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியவன், இன்று அவர்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று நீ குத்திக்காட்டுவாய். குத்து. ஆனால் கேள். இவர்களுக்கு எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். இப்போதுதான் முப்பது வயசு தாண்டிய நாடு, ஒரே வாங்கலில் இரண்டு மடங்காகிவிட்டது. வாங்கியதில் எது சர்க்கார் நிலம், எது நம் நிலம் என்று பிரிக்க வந்திருக்கிறார்கள். பத்திரம் காட்டு, பயிர் செய்ததற்குச் சாட்சி காட்டு என்கிறார்கள். காட்ட முடியாதவன் நிலம் சர்க்காருக்கு.

அப்பாவுக்கு ஸ்பெயின்காரர் காலத்தில் கொடுத்த பத்திரம் உன் பெட்டியில் இருக்கிறது. அதைப் படகுக்காரர் கையில் உடனே கொடுத்தனுப்பு. அதில் பெரிய வயலில் நாலு துண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

நாலாவது துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டு அடிமையாயிருந்த அகாத்துக்கு அப்பா விடுதலைச் சீட்டு கொடுத்தபோது அந்தத் துண்டையும் கொடுத்தார், வாஸ்தவம். ஆனால் எப்படிக் கொடுத்தார்? பெரிய வயலின் சுற்றுவேலியை ஊர் கூடிப் பார்க்கும் நாளில் எல்லார் முன்னாலும் அவள் கையில் ஒரு கழியைக் கொடுத்து "இனி இந்தப் பக்கம் உன் வேலி" என்றார். நமக்கு அது போதும். இவர்களிடம் போய்க் கழியைக் கொடுத்தார் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பதோடு நிற்காது, பத்திரம் முழுவதையும் சந்தேகிப்பார்கள். அதனால் நாலும் நம்முடையது என்றே மனு எழுதுகிறேன். உறுதியானதும் அவள் துண்டை நாமே அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.

அகாத் தனியாக மனு போட வேண்டாம், இரண்டு மனு மோதிக்கொள்ளும். "பசீல் பார்த்துக்கொள்வான்" என்று மட்டும் அவளிடம் சொல். கோடையில் அளவைக்காரன் வருவான். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

உன் தம்பி,
பசீல்


சேந்த்-ஆன், 1807 ஆகஸ்ட் 20

பசீல்,

அளவைக்காரன் வந்துபோய்விட்டான். நீ சொன்னபடியே நடந்தது. சந்தோஷமா?

நடந்ததைச் சொல்கிறேன், உனக்கும் தெரியட்டும். செவ்வாய்க்கிழமை காலை. சங்கிலி பிடிக்க இரண்டு பேர், பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு ஆள். ஒவ்வொரு வேலிப் பங்கின் முன்னாலும் நின்று கேட்டார்கள். முதல் மூன்றுக்கும் என் வாய் தாராளமாகப் பதில் சொன்னது. நாலாவதுக்கு வந்தபோது அகாத் இருபதடி தூரத்தில் மக்காச்சோளத்துக்குக் களை கொத்திக்கொண்டிருந்தாள்.

"இது யாருதும்மா?" என்று அந்த ஆள் நம் பாஷையிலேயே கேட்டான். சத்தமாகத்தான் கேட்டான்.

நான் மெதுவாகப் பதில் சொன்னால் அவளுக்குக் கேட்காது என்று நினைத்தேன் பார், அந்த நினைப்புத்தான் இன்னும் என்னை அறுக்கிறது. "எங்களுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பாவி, "என்ன சொன்னீங்க?" என்றான். இரண்டாம் முறை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

களைக்கொத்து நின்றது. பிறகு மறுபடி கொத்த ஆரம்பித்தது.

இரண்டு மாதம் முன்னால்தான் நான் அவளிடம் "பசீல் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லியிருந்தேன். "சின்னவரு பார்த்துக்குவாருன்னா சரிதான் மதாம்" என்று வாய் நிறையச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் எப்போதும் போல வணக்கம் சொன்னாள். சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வெயில் ஜாஸ்தி, போய் நிழல்ல நில்லுங்க மதாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாயே, அதை இப்போதே எழுதி அனுப்பு. உறுதியாகும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கக்கூட அவள் வீட்டு வழியை விட்டுச் சுற்றிப் போகிறேன். நாற்பத்திரண்டு வயசில் எனக்கு இது தேவையா?

பெலாஜி


சேன் லூயி, 1807 நவம்பர் 14

அன்புள்ள அக்கா,

நீ எதையும் பெரிதாக்கிக்கொள்வாய். சின்ன வயசில் ஒரு முட்டை உடைந்தாலும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுகிறவள் அல்லவா நீ.

உறுதியாகாத நிலத்தை நான் எப்படி எழுதிக் கொடுப்பது? எழுதினால் அது கிழிக்கத்தான் லாயக்கு. பொறுமையாக இரு. இங்கே மனுக்கள் கூரையைத் தொடுகின்றன. நேற்று ஒருவன், ஸ்பெயின்காரன் கையெழுத்துப் போட்ட பத்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தான், மை இன்னும் விரலில் ஒட்டுகிறது! கமிஷனர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அலுவலகமே சிரித்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நம்முடையது சுத்தமான பத்திரம். அதைச் சுத்தமாகவே வைத்திருக்க விடு.

அகாத்துக்கு என்ன குறை? அவள் விதைக்கிறாள், அவள் அறுக்கிறாள். யார் போய்த் தடுத்தார்கள்? காகிதத்தில் யார் பேர் இருந்தால் அவளுக்கு என்ன, அவளுக்குப் படிக்கவா தெரியும்? அவள் கேட்காத கேள்வியை நீ ஏன் அவள் சார்பில் கேட்டுக்கொண்டிருக்கிறாய்?

உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். நீலம். போர்த்திக்கொள்.

பசீல்


சேந்த்-ஆன், 1808 ஏப்ரல் 25

பசீல்,

சால்வையை நான் போர்த்தவில்லை. பெட்டியில் இருக்கிறது.

அவள் கேட்காத கேள்வி என்று எழுதியிருந்தாய். கேட்டுவிட்டாள். வாயால் இல்லை.

அளவைக்காரன் போன பிறகு, விளைந்த சோளத்தை அறுத்தாள், களைக்கொத்தையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு வயலை விட்டுப் போனாள். திரும்ப வரவேயில்லை. பனிக்காலம் முடிந்து ஊரே வேலி கட்டப் போனது. நாலாவது துண்டின் வேலிக்கு மட்டும் யாரும் வரவில்லை. நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது: பெரிய வயலுக்கு ஒரே சுற்றுவேலி; நிலம் யாருடையதோ அந்தப் பங்கு வேலியும் அவருடையது, அது விழுந்தால் நஷ்டமும் அவருடையது. நிலம் அவளுடையது இல்லை என்று நான் கத்திச் சொன்னேன். அப்புறம் வேலி மட்டும் எப்படி அவளுடையதாகும்? நானாவது போய்க் கட்டியிருக்க வேண்டும். போகவில்லை. அந்த வேலியில் கை வைக்க எனக்கு முகம் இல்லை. எல்லாருக்கும் தெரிய அந்தக் கழிகளைத் தொட வேண்டுமே! நாளை, நாளை என்று தள்ளினேன்.

ஈஸ்டர் அன்று எல்லாரும் பூசையில் இருந்தோம். பனியில் கழிகள் சாய்ந்து விழுந்திருந்த இடைவெளி வழியாக மாடும் பன்றியும் உள்ளே போய்விட்டன. பூசை முடிந்து வெளியே வந்தபோது பதினோரு குடும்பத்தின் கோதுமைப் பயிர் தரையோடு தரையாகக் கிடந்தது. ஈஸ்டர் உடுப்போடு பெண்கள் வயலில் ஓடி மாட்டை விரட்டினார்கள்.

மறுநாள் வேலி பார்க்கும் பெரியவர்கள் வந்தார்கள். ஊர் முழுக்க அங்கே நின்றது. அகாத்தும் வந்திருந்தாள். அவர்களில் மூத்தவரான லக்ரூவா கிழவர் இடைவெளியில் தடியை ஊன்றிக்கொண்டு, வழக்கம்போல உரக்கக் கேட்டார்: "இது யார் வேலி?"

"பதினாலு வருஷமா இந்த வயல்லயே நல்ல வேலி இதுதான். யார் கட்டுனதுன்னு நம்ம கழுதைக்கும் தெரியும்" என்றான் பயிரிழந்தவர்களில் ஒருவனான எத்தியேன்.

"கழுதை சொன்னா எழுத முடியாதுப்பா. உரிமைக்காரங்க வாயால சொல்லணும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது யோசி தம்பி. "அகாத்துடையது" என்று உண்மையைச் சொன்னால் பதினோரு குடும்பத்தின் நஷ்டம் அவள் தலையில். "எங்களுது" என்றால் நிலத்தை இரண்டாம் முறை திருடியதாகும். உண்மைகூட அவளுக்குக் கெடுதலாகிற இடத்தில் கொண்டுவந்து என்னை நிறுத்தியிருக்கிறாய். இல்லை, நானேதான் நடந்து வந்தேன்.

"எங்களுது" என்றேன். இந்த முறை ஒரே தடவையில் எல்லாருக்கும் கேட்டது.

எத்தியேன் காறித் துப்பினான், தரையில்தான். என் களஞ்சியத்துக் கோதுமை எல்லாம் பதினோரு வீட்டுக்குப் போய்விட்டது, போகட்டும். மூட்டை தூக்க வந்தவர்கள் எவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நாட்டை விற்ற வருஷம் நீ எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறேன். உன் எழுத்திலேயே படி: "கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ கையெழுத்துப் போட்டான், இந்தப் பக்கம் யாரோ வாங்கிக்கொண்டான். பட்டியில் நிற்கிற மாட்டைப் போல நம்மையும் சேர்த்து விற்றார்கள். ஒரு வார்த்தை நம்மைக் கேட்டார்களா அக்கா?"

நாம் அவளைக் கேட்டோமா, பசீல்?

நாலாவது துண்டை உன் மனுவிலிருந்து எடு. அவள் பேரில் தனி மனு போடு. நான் வந்து சாட்சி சொல்கிறேன், ஊரே சொல்லும். உடனே செய்.

பெலாஜி


சேன் லூயி, 1808 ஜூன் 12

அக்கா,

உன் கடிதம் மே ஏழாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத நாலு முறை உட்கார்ந்து நாலு முறையும் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழித்துவிடுவேனோ என்னவோ.

உனக்குச் சொல்வது எளிது. வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, "நாலு துண்டும் எங்கள் அனுபவத்தில் இருந்து வருகிறது" என்று சத்தியம் செய்தவன் நான். இப்போது போய் அது பொய் என்றால் வேலை போவது ஒரு பக்கம், பொய்ச்சத்தியத்துக்கு என்னை உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். சேன் லூயியில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. தெருவில் போனால் தொப்பியைத் தூக்குகிறார்கள். போன வருஷம்வரை யாரும் தூக்கியதில்லை.

தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கொஞ்சம் பொறு. அறுவடை முடியட்டும். கமிஷனர் நல்ல மனநிலையில் இருக்கிற நாளாகப் பார்த்துப் பக்குவமாகச் சொல்கிறேன்.

அகாத்திடம் இதையெல்லாம் சொல்லாதே.

பசீல்


சேன் லூயி, 1808 ஜூலை 29

அக்கா,

சொல்லிவிட்டேன். ஒன்றும் பயனில்லை. எப்படி என்று எழுதுகிறேன், படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

போன வாரம் தெற்கேயிருந்து ஒரு கிழவர் வந்தார். அவர் நிலத்தைப் பக்கத்து நிலக்காரன் தன் மனுவில் சேர்த்து எழுதிவிட்டானாம். மேஜையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கேக்காம என் நிலத்தை எவன்யா எழுதுனது?" என்றார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வரவில்லை. கமிஷனர் இரண்டு முறை என்னைப் பார்த்தார். கிழவர், "சொல்லு தம்பி, நான் சொன்னதைச் சொல்லு" என்று என் தோளைத் தட்டினார். எப்படியோ சொல்லி முடித்தேன். அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கழி கொடுத்ததையும் சொன்னேன். கமிஷனர் சிரிக்கவில்லை, அக்கா. சிரிப்பார் என்று உனக்கு எழுதினேனே, சிரிக்கவே இல்லை. ஊரார் சாட்சி இருந்தால் போதும், இதுபோல் எத்தனையோ எழுதியிருக்கிறோம் என்றார்.

பிறகு நாட்காட்டியைப் பார்த்தார்.

புது மனு வாங்கக் கடைசி நாள் ஜூலை ஒன்று. அன்று ஜூலை இருபத்திரண்டு. மூன்று வாரம். நாலாவது துண்டை என் மனுவிலிருந்து அடித்துவிட்டார்கள். அகாத் பேரில் எழுத முடியாது. இப்போது அது யாருடையதும் இல்லாததால் சர்க்காருடையது. என்றாவது ஒருநாள் அளந்து விற்பார்கள்.

கடைசி நாள் தெரியாது என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். உன்னிடம்கூடவா? தெரியும். நம் ஊர்க் கோவில் கதவில் ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் பிரெஞ்சில் எழுதியவனே நான்தான். ஜூலை ஒன்றுக்கு அடியில் கோடு போட்டவனும் நான்தான். அறுவடை முடியட்டும் என்று உனக்கு எழுதியபோது அந்தக் கோடு என் கண்ணுக்குள் இருந்தது. பார்க்காமல் எழுதினேன். உன் கடிதம் வந்து எனக்குத் தைரியம் வர எழுபத்தாறு நாள் ஆயிற்று. ஐம்பது நாளில் வந்திருந்தால் அவள் நிலம் அவளுக்குக் கிடைத்திருக்கும்.

சிறைக்கு அனுப்பவில்லை. வேலை போய்விட்டது. அது போனதற்கு வருந்துகிறேனா என்று பார்த்தேன், இல்லை. தொப்பி தூக்குகிறவர்களைப் பார்த்தால்தான் உடம்பு கூசுகிறது. அவர்களுக்கு இன்னும் தெரியாது.

அப்பாவின் மூன்று துண்டு உனக்கு நிற்கும். நான் ஊருக்கு வரலாமா? வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றாலும் நியாயம்தான். அகாத்திடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வேண்டியது என்று தெரியும். முடியவில்லை.

பசீல்


சேந்த்-ஆன், 1809 ஏப்ரல் 16

பசீல்,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. உன்னைத் தண்டிக்க என்று நினைத்திருப்பாய். எழுத ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இப்போது இருக்கிறது.

ஆகஸ்டிலேயே அகாத்திடம் சொன்னேன். அவள் வீட்டு வாசலில் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை, நின்றபடியே சொன்னேன். உன் சத்தியம், என் கத்தல், ஜூலை ஒன்று, எல்லாவற்றையும். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ இப்ப அது யாருது?" என்றாள்.

"சர்க்காருது."

"சர்க்காருக்கு வேலி கட்டத் தெரியுமா?"

அவள் உலக்கையை எடுத்து மறுபடி இடிக்க ஆரம்பித்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்டேன். உலக்கைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. மறுபடி சொல்லக் கூச்சமாக இருந்தது. பொய்யை மட்டும் அன்று இரண்டாம் முறை கத்திச் சொல்ல முடிந்தது எனக்கு.

நேற்று வேலி பார்க்கும் நாள். எல்லாரும் லக்ரூவா கிழவர் பின்னால் நடந்தோம். நாலாவது துண்டு வந்தபோது பின்தங்கி நடந்தேன், அங்கே பொத்தலும் இடைவெளியுமாக இருக்கும் என்று. இல்லை. புதுத் தேவதாருக் கழிகள், ஆளுயரம், நூல் பிடித்ததுபோல ஒரே வரிசை. அந்த வாசனை தூரத்திலேயே வந்தது.

கிழவர் நின்றார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க அவருக்கே தயக்கம். "சர்க்கார் ஆள் யாராவது வந்திருக்காங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எத்தியேன், "கூப்பிட்டு அனுப்புங்க, வந்து குழி தோண்டட்டும்" என்றான். பிறகு சிரிப்பு அடங்கியது. கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "இது யார் வேலி?"

"என்னுது" என்றாள் அகாத்.

அவர் என் பக்கம் திரும்பினார். பக்கத்துத் துண்டுக்காரரிடம் மறுப்பு உண்டா என்று கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குறுக்கே பேசினாள். கோபமில்லை, வெகு சாதாரணமாகத்தான் பேசினாள்.

"ரெண்டு தடவை கேட்டாங்க மதாம். ரெண்டு தடவையும் எனக்குப் பதிலா நீங்க சொன்னீங்க. இந்தத் தடவை நானே சொல்லிக்கறேன்."

கிழவர் நம் ஊர் ஏட்டில் அவள் பேரை எழுதினார். அமெரிக்கர் ஏட்டில் அது இல்லை என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சர்க்கார் அளந்து விற்கிற அன்று அந்தக் கழிகளும் சேர்ந்து விலை போகும். தெரிந்தேதான் ஆளுயரக் கழிகளை அவ்வளவு ஆழமாக நட்டிருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். என் மூன்று துண்டின் வேலி அவளுடையதற்குப் பக்கத்தில் பார்க்கச் சகிக்கவில்லை.

வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. இது உன் வீடு, வராதே என்று சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் ஆற்றுத்துறையில் இறங்கிக் கோவில் பின்வழியாக நழுவி வந்து சேரலாம் என்று நினைக்காதே. நான் இரண்டு வருஷமாகச் சுற்றுவழியில் போய்ப் பார்த்துவிட்டேன், அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. வயல் வழியாக வா. பகலில் வா. அவள் அங்கேதான் இருப்பாள்.

உன் அக்கா,
பெலாஜி